சின்ன ஃபோனில் சார்ஜ் ஏன் நிற்பதில்லை?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரே கையில் பிடித்து, கட்டைவிரலாலேயே எல்லா மூலையையும் தொடக்கூடிய சின்ன ஃபோன்தான் உங்களுக்குப் பிடிக்கும். வாங்கி ஒன்றரை வருஷமான உங்கள் 5.4 அங்குல ஃபோன் இப்போது மாலை நான்கு மணிக்கே சிவப்புக்கு வந்துவிடுகிறது. ஸ்கிரீன் சின்னதென்றால் கரண்டும் குறைவாகத்தானே இழுக்கும், பேட்டரி சின்னதாக இருந்தாலும் இரண்டும் சரிக்குச் சரியாகிவிட வேண்டாமா, இல்லை கம்பெனிகள் வேண்டுமென்றே சின்ன ஃபோனில் பேட்டரியைக் குறைக்கின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் நீங்கள் கேட்காத இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வாங்கிய புதிதில் இதே ஃபோன் இரவு வரை தாங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இடையில் மாறியது என்ன? உங்கள் விஷயத்தில் முக்கியமான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே போவதற்கு முன் முதல் கேள்வியைப் பார்த்துவிடுவோம்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு 14 வருஷமாக ஃபோன் பழுதுபார்க்கிறேன். ஆயிரக்கணக்கான ஃபோன்களைத் திறந்திருக்கிறேன். இதில் ஒரு குறையும் உண்டு. நன்றாக ஓடுகிற ஃபோனை யாரும் என் மேசைக்குக் கொண்டுவருவதில்லை. என் கண்ணில் படுவதெல்லாம் கெட்டுப்போனவை. அதனால் நான் பார்த்ததை மட்டும் வைத்து எந்த மாடல் நல்லது, எது மோசம் என்று தீர்ப்புச் சொன்னால் தப்பாகிவிடும். அளவுகளையும் கணக்கையும் உறுதியாகச் சொல்கிறேன். என் அனுபவத்தில் தோன்றுவதை அப்படித்தான் என்று குறிப்பிட்டே சொல்கிறேன்.

ஸ்கிரீன் சின்னதென்றால் கரண்ட் குறையும் என்று நீங்கள் நினைத்தது பாதி சரி. ஒரே வகை டிஸ்ப்ளே, ஒரே வெளிச்சம் என்றால், எரிகிற பரப்பு குறையக் குறைய அது இழுக்கும் கரண்டும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். ஆனால் ஃபோனில் கரண்ட் இழுப்பது ஸ்கிரீன் மட்டும் இல்லை. டவரோடு பேசிக்கொண்டே இருக்கும் மோடம் இருக்கிறது, பிராசஸர் இருக்கிறது, மெமரி, ஜிபிஎஸ், வைஃபை எல்லாம் இருக்கின்றன. சின்ன ஃபோன் என்பதற்காக இவை எதுவும் சின்னதாவதில்லை. பல சமயம் ஒரு கம்பெனியின் சின்ன மாடலிலும் பெரிய மாடலிலும் இருப்பது ஒரே சிப்தான். ஓர் அறை வீட்டுக்கும் வாசலில் ஒரு பூட்டு வேண்டும், பத்து அறை வீட்டுக்கும் ஒரு பூட்டு வேண்டும், அந்த மாதிரி. ஸ்கிரீன் அணைந்து பாக்கெட்டில் கிடக்கும் நேரத்தில் இரண்டு ஃபோனும் கிட்டத்தட்ட ஒரே அளவு கரண்டைத்தான் தின்றுகொண்டிருக்கும். பெரிய பேட்டரிக்கு அது தெரியாது, சின்னதற்கு உறைக்கும்.

இது செலவுப் பக்கம். வரவுப் பக்கத்தில் இதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. ஒரு சின்ன ஃபோனின் டிஸ்ப்ளேயைக் கழற்றி உள்ளே பார்த்தால் உடனே புரியும். மேலே ஒரு மூலையை முழுசாக கேமராக்கள் பிடித்துக்கொண்டிருக்கும். அதை ஒட்டி மெயின் போர்டு, இடத்தை மிச்சப்படுத்த இரண்டு அடுக்காக மடித்து வைத்தது போல இருக்கும். கீழே நடுவில் சார்ஜிங் போர்ட், ஒரு பக்கம் ஸ்பீக்கர், இன்னொரு பக்கம் அதிர்வு மோட்டார். ஓரத்தில் சிம் டிரே. இத்தனையும் போக மிஞ்சின இடத்தில், ஆங்கில எல் எழுத்தைப் போல வெட்டின ஒரு கறுப்புப் பட்டை. அதுதான் பேட்டரி. பெரிய ஃபோனைத் திறந்தால் இதே கேமரா, இதே போர்ட், இதே மோட்டார், ஏறக்குறைய இதே அளவில்தான் இருக்கும். நாலு பக்கமும் கூடுதலாகக் கிடைத்த இடமோ பெரும்பாலும் பேட்டரிக்கே போயிருக்கும்.

எண்களில் பார்ப்போம். 2021-இல் வந்த ஐஃபோன் 13 வரிசை இதற்கு நல்ல உதாரணம், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் தடிமன் ஒன்றுதான், 7.65 மில்லிமீட்டர். அதில் மிகச் சின்னதான மினி, நீளம் 131.5, அகலம் 64.2 மில்லிமீட்டர். மிகப் பெரியதான ப்ரோ மேக்ஸ் 160.8-க்கு 78.1. பெருக்கிப் பார்த்தால் ப்ரோ மேக்ஸின் உடம்பு மினியைவிட ஏறக்குறைய 49 சதவீதம் பெரிது. ஸ்கிரீன் 5.4 அங்குலத்திலிருந்து 6.7 அங்குலம், பரப்பில் சுமார் 54 சதவீதம் கூடுதல். பேட்டரியோ சுமார் 2400 எம்ஏஎச்சிலிருந்து (பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதன் அளவு) சுமார் 4350 எம்ஏஎச். அதாவது 81 சதவீதம் கூடுதல். உடம்பு ஒன்றரை மடங்கானால் பேட்டரி ஒன்றே முக்கால் மடங்கைத் தாண்டிவிடுகிறது. வீடியோ ஓட்டினால் மினி 17 மணி நேரம், ப்ரோ மேக்ஸ் 28 மணி நேரம் என்று கம்பெனியே சொன்னது. ப்ரோ மேக்ஸின் டிஸ்ப்ளே வேறு வகை என்பதால் அந்த வித்தியாசம் முழுவதையும் பேட்டரிக் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் ஸ்கிரீன் செலவு கூடுவதைவிட வேகமாக பேட்டரி கூடுகிறது என்பது இதில் தெளிவு. நீங்கள் எதிர்பார்த்த சரிக்குச் சரி இங்கேதான் உடைகிறது.

பேட்டரிக்குள்ளேயும் இதே கதை நடக்கிறது. கழற்றின பேட்டரியைக் கையில் வைத்துப் பார்த்தால், அது மெல்லிய அலுமினியத் தாளால் ஆன ஒரு பை. ஓரங்களில் ஒட்டி மடித்த விளிம்பு. தலைப்பக்கம் விரல் நகம் அகலத்துக்கு ஒரு சின்ன சர்க்யூட், அளவுக்கு மீறி சார்ஜ் ஏறாமலும் இறங்காமலும் காவல் காப்பது. பேட்டரி சின்னதாக இருந்தாலும் விளிம்புக்கும் சர்க்யூட்டுக்கும் அதே இடம் வேண்டும். சுற்றிலும் கொஞ்சம் காலி இடமும் விட வேண்டும், ஏனென்றால் வயதாக ஆக பேட்டரி லேசாக உப்பும். அந்த இடத்தை ஏன் வீணாக்குகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு 2016-இல் வந்த சாம்சங் கேலக்ஸி நோட் 7-ஐ நினைவுபடுத்துவேன். உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்ட ஃபோன் அது. 2017 ஜனவரியில் வெளியான விசாரணை முடிவில், இரண்டு சப்ளையர்களில் ஒருவருடைய பேட்டரியில் மேல் மூலையில் போதிய இடம் விடாததால் உள்ளே இருந்த தகடு வளைந்து ஷார்ட் ஆனது என்று சொன்னார்கள். காலி இடம் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை, சின்ன ஃபோனில் அந்த விலை விகிதத்தில் அதிகம்.

சரி, அப்படியானால் இது மாற்றவே முடியாத இயற்கை விதியா? இல்லை. நீளத்தையும் அகலத்தையும் மட்டும் பார்த்துப் பழகிவிட்டதால் மூன்றாவது அளவை மறந்துவிடுகிறோம். தடிமன். 2014-இல் சோனி ஒரே சமயத்தில் இரண்டு ஃபோன் விட்டது. எக்ஸ்பீரியா இசட்3, 5.2 அங்குலம், 3100 எம்ஏஎச். இசட்3 காம்பாக்ட், 4.6 அங்குலம், 2600 எம்ஏஎச். இரண்டிலும் ஒரே சிப். ஸ்கிரீன் பரப்பு சுமார் 22 சதவீதம் குறைந்தது, பேட்டரி 16 சதவீதம்தான் குறைந்தது. எப்படி? பெரியது 7.3 மில்லிமீட்டர், சின்னது 8.6 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே தடிமனாக்கினார்கள், ஸ்கிரீனில் புள்ளிகளையும் 720 வரிசையோடு நிறுத்தினார்கள். அந்தக் காம்பாக்ட்டை வைத்திருந்தவர்கள் இன்றைக்கும் அதன் சார்ஜைப் பற்றி ஆசையாகப் பேசுவார்கள். நானும் ஒன்று வைத்திருந்தேன். பிற்பாடு 2022-இல் ஆசூஸ் ஸென்ஃபோன் 9-ஐயும் அப்படித்தான் செய்தது. 5.9 அங்குலம், 4300 எம்ஏஎச், தடிமன் 9.1 மில்லிமீட்டர்.

மறுபக்கமும் பாருங்கள். 2025-இல் வந்த கேலக்ஸி எஸ்25 பிளஸ்ஸும் எஸ்25 எட்ஜும் இரண்டுமே 6.7 அங்குலம். பிளஸ் 7.3 மில்லிமீட்டர், 4900 எம்ஏஎச். எட்ஜ் 5.8 மில்லிமீட்டர், 3900 எம்ஏஎச். தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு போனது, பேட்டரியிலும் ஐந்தில் ஒரு பங்கு போனது. ஒரே ஸ்கிரீனுக்கு 1000 எம்ஏஎச் குறைவு. அதே வருஷம் வந்த ஐஃபோன் ஏர் 6.5 அங்குலம், பேட்டரி சுமார் 3150. ஆகவே பெரிய ஃபோன் என்றாலே பேட்டரி பெரிதாக இருக்கும் என்பதும் இனிமேல் நம்பக்கூடிய கணக்கு இல்லை. கம்பெனி எதை விட்டுக்கொடுக்கத் தீர்மானித்தது என்று பார்க்க வேண்டும்.

ஒரு மில்லிமீட்டர் தடிமனாக்கினால்தான் என்ன என்று நானும் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பேட்டரியின் தடிமன் ஐந்து மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டர் கூட்டுவது கிட்டத்தட்ட 20 சதவீதக் கூடுதல். வேறெந்த மாற்றமும் இவ்வளவு சுலபமாக இவ்வளவு தராது. தடை எடையில் இருக்கிறது. ஒவ்வொரு 1000 எம்ஏஎச்சுக்கும் ஏறக்குறைய 15 கிராம் கூடும். சின்ன ஃபோனை விரும்புகிறவர்கள் பாதிப் பேர் அளவுக்காக இல்லாமல் எடைக்காகவே விரும்புகிறவர்கள் என்பது என் அனுபவம். மேசையில் இரண்டு ஃபோனை வைத்து எடுத்துப் பார்க்கச் சொன்னால், எடை குறைந்ததைத்தான் அடக்கமாக இருக்கிறது என்பார்கள், அது அரை அங்குலம் பெரிதாக இருந்தாலும். மற்றொரு எல்லைக்கும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். 2019-இல் எனர்ஜைசர் பெயரில் 18,000 எம்ஏஎச் பேட்டரியோடு 18 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு ஃபோனைக் காட்டினார்கள். முன்பணம் திரட்டித் தயாரிக்கப் பார்த்தார்கள், போதுமான ஆள் சேரவில்லை.

தடிமனைத் தொடாமலே கணக்கை மாற்றும் ஒரு விஷயம் சமீபத்தில் வந்திருக்கிறது. அதுதான் பேட்டரிக்குள் இருக்கும் சரக்கு. லித்தியம் அயான் பேட்டரியை 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெகுகாலமாக அதன் எதிர்மின்முனையில் லித்தியத்தைச் சேமித்து வைக்கும் பொருள் கிராஃபைட், பென்சிலில் இருக்கும் அதே வகைக் கரி. ஒரு கிராம் கிராஃபைட் 372 எம்ஏஎச்சுக்கு மேல் பிடிக்காது, அது அதன் அமைப்பிலேயே உள்ள எல்லை. சிலிக்கான் அதைப்போல ஒன்பது பத்து மடங்கு பிடிக்கும். ஆனால் சார்ஜ் ஏறும்போது கிராஃபைட் பத்து சதவீதம் போல உப்பினால், சிலிக்கான் மூன்று மடங்குக்கும் மேலாக வீங்கிவிடும். அப்படி வீங்கிச் சுருங்கியே தூளாகிப்போகும். அதனால் சிலிக்கானைப் பொடித்து, கார்பனுக்குள் பொதிந்து, கிராஃபைட்டோடு கொஞ்சமாகக் கலக்கிறார்கள். சிலிக்கான் கார்பன் பேட்டரி என்று விளம்பரத்தில் வருவது இதுதான். 2023-இல் ஹானர் மேஜிக் 5 ப்ரோவின் சீனப் பதிப்பில் வந்தது, அப்புறம் வேகமாகப் பரவிவிட்டது.

இதனால் என்ன ஆனது என்று பாருங்கள். 2024 செப்டம்பரில் வந்த ஐஃபோன் 16 ப்ரோ 6.3 அங்குலம், 149.6-க்கு 71.5 மில்லிமீட்டர், பேட்டரி சுமார் 3580. ஒரு மாதம் கழித்து வந்த விவோ எக்ஸ்200 ப்ரோ மினி 6.31 அங்குலம், 150.8-க்கு 71.8 மில்லிமீட்டர், தடிமனும் கிட்டத்தட்ட அதே 8.2. பேட்டரி 5700 எம்ஏஎச். கண்ணை மூடிக்கொண்டு கையில் வாங்கினால் அளவில் வித்தியாசம் தெரியாத இரண்டு ஃபோன், ஒன்றில் ஒன்றரை மடங்கு பேட்டரி. எம்ஏஎச் ஒன்றரை மடங்கு என்றால் மணியும் ஒன்றரை மடங்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிப் வேறு, மென்பொருள் வேறு. ஆனால் சின்ன ஃபோனில் பெரிய பேட்டரி வைக்கவே முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கிராஃபைட் பேட்டரிகள் மூன்றாவது, நான்காவது வருஷத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது என்னைப் போன்றவர்களுக்குக் கைப்பழக்கத்திலேயே தெரியும். சிலிக்கான் கலந்தவை பரவலாகி இன்னும் அவ்வளவு காலம் ஆகவில்லை. என் மேசைக்கு வந்தவை குறைவு, அவையும் பெரும்பாலும் கீழே விழுந்து டிஸ்ப்ளே உடைந்து வந்தவை. ஆகவே அவற்றின் ஆயுளைப் பற்றி நான் புகழவும் மாட்டேன், பயமுறுத்தவும் மாட்டேன். இன்னொன்று, ஒரே மாடலுக்கு நாட்டுக்கு நாடு பேட்டரி மாறும். ஷாவ்மி 15-க்குச் சீனாவில் 5400, வெளிநாடுகளில் 5240. லித்தியம் செல்களை ஏற்றி அனுப்பும் விதிகளில், ஒரு செல்லில் அடங்கும் ஆற்றல் 20 வாட்-மணிக்குள் இருந்தால் நடைமுறை எளிது என்று இருக்கிறது. ஒரு செல்லில் 5200 எம்ஏஎச்சைத் தாண்டும்போது அந்தக் கோட்டைத் தொட்டுவிடுவார்கள். பெரிய எண்கள் எல்லா நாட்டுக்கும் அப்படியே வராததற்கு இதுவும் ஒரு காரணம். வாங்கும்போது உங்கள் நாட்டுப் பதிப்பின் எண்ணைப் பாருங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். சின்ன ஃபோன் வாங்கிய புதிதில் ஏறக்குறைய யாரும் குறை சொல்வதில்லை. ஒன்றரை வருஷம் கழித்துத்தான் வருகிறார்கள், உங்களைப் போலவே. காரணம் இது. பேட்டரிக்கு வயது நாட்களால் ஏறுவதைவிட சுற்றுகளால் அதிகம் ஏறுகிறது. முழு பேட்டரி அளவுக்குச் செலவழித்து, மறுபடி நிரப்பினால் ஒரு சுற்று. இரண்டு தடவை பாதி பாதியாக நிரப்பினாலும் ஒரு சுற்றுதான். உங்கள் ஃபோன் வந்த காலத்து ஐஃபோன்களுக்கு, 500 சுற்றில் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் என்பது கம்பெனி வைத்த அளவு. ஐஃபோன் 15-லிருந்து அதை 1000 சுற்று என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20-லிருந்து விற்பனைக்கு வரும் ஃபோன்களுக்கு 800 சுற்றில் 80 சதவீதமாவது மிஞ்ச வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் சும்மா உதாரணத்துக்கு. 2400 எம்ஏஎச் ஃபோன் வைத்திருக்கும் நீங்கள் ஒரு நாளில் சரியாக 2400-ஐச் செலவழிக்கிறீர்கள். 4350 ஃபோன் வைத்திருக்கும் உங்கள் நண்பருக்கு ஸ்கிரீன் பெரிது, அவருக்கு 3000 ஆகிறது. உங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு சுற்று, 500 சுற்று 500 நாளில் முடிந்துவிடும், அதாவது சுமார் பதினாறரை மாதம். அவருக்கு ஒரு நாளைக்கு 0.69 சுற்று, 500-ஐத் தொட இரண்டு வருஷம் ஆகும். இது முதல் அடி. இரண்டாவது அடி அதைவிடப் பலமானது. இரண்டு பேருக்கும் 80 சதவீதம் மிஞ்சியிருக்கும் நாளில், உங்களிடம் இருப்பது 1920, உங்கள் தேவை 2400. அவரிடம் இருப்பது 3480, அவர் தேவை 3000. அதே 20 சதவீதத்தைத்தான் இரண்டு பேரும் இழந்தீர்கள். அவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார், இரவு படுக்கும்போது 30-க்குப் பதில் 14 காட்டும், அவ்வளவுதான். உங்களுக்கு மாலையிலேயே ஃபோன் அணைந்துவிடும். நீங்கள் நடுவில் சார்ஜரைத் தேடிப் போகிறீர்கள். பெரிய பேட்டரியில் உபரியாகக் கிடக்கும் அந்தக் கொஞ்சம், வயதாவதைத் தாங்கும் மெத்தை மாதிரி. சின்ன ஃபோனில் அந்த மெத்தை முதல் நாளிலிருந்தே கிடையாது.

இதோடு சேர்ந்து வரும் இன்னொன்று, 20 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துபோவது. பேட்டரி பழசாகும்போது கொள்ளளவு மட்டும் குறைவதில்லை, உள்தடையும், அதாவது கரண்ட் வெளியே வருவதற்கு உள்ளேயே இருக்கும் எதிர்ப்பும், கூடுகிறது. கேமராவைத் திறந்த நொடியில் ஃபோன் ஒரே இழுப்பாக நிறைய கரண்ட் கேட்கும். அப்போது பழைய பேட்டரியின் வோல்டேஜ் சட்டென்று சரியும். மீட்டரை வைத்துப் பார்த்திருக்கிறேன், 3.7-இல் நின்றுகொண்டிருந்த முள் கேமரா திறந்ததும் 3.3-க்குக் கீழே குதித்துவிட்டு, மூடினதும் ஒன்றும் நடக்காதது போல ஏறி வந்துவிடும். ஃபோன் அந்த ஒரு நொடிச் சரிவைப் பார்த்துவிட்டு சார்ஜ் தீர்ந்ததாக முடிவெடுத்து அணைகிறது. சின்ன பேட்டரிக்கு இது சீக்கிரம் வரும், ஏனென்றால் சிப் கேட்கும் இழுப்பு ஒன்றுதான், தாங்குகிற உடம்புதான் சின்னது. குளிரில் இன்னும் மோசம்.

அடுத்தது சிக்னல். எல்டிஇ, அதாவது 4ஜி ஃபோன் டவருக்கு அனுப்பும் சக்தி அதிகபட்சம் ஏறக்குறைய 200 மில்லிவாட். டவர் பக்கத்தில் இருந்தால் அதில் மிகச் சின்னப் பங்கே போதும். தூரமாகப் போனால், சுவருக்குள் போனால், ஃபோன் கத்திப் பேச ஆரம்பிக்கும். இப்படிச் சிக்னல் சரியில்லாத இடத்தில் ஆகும் செலவு பெரிய ஃபோனுக்கும் சின்ன ஃபோனுக்கும் ஒன்றுதான். ஒருவர் மூன்று மாதத்தில் இரண்டாவது தடவையாகப் பேட்டரி மாற்றச் சொல்லி ஒரு சின்ன ஃபோனைக் கொண்டுவந்தார். பேட்டரி ஆரோக்கியம், அதாவது புதிதில் இருந்த கொள்ளளவில் இப்போது மிஞ்சியிருக்கும் சதவீதம், 97 காட்டியது. எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். கட்டடத்தின் அடித்தளத்தில், ஒரு கோடு சிக்னல் வருவதும் போவதுமாக இருக்குமாம். அங்கே வைஃபை இருந்தது. வைஃபை வழியே அழைப்பு வரும்படி வைத்துவிட்டு, வேலை நேரத்தில் மொபைல் சிக்னலை அணைத்துவைக்கச் சொன்னேன். பேட்டரி மாற்றவில்லை. அடுத்த வாரம் இரவு வரை நிற்கிறது என்று சொல்லி அனுப்பினார். எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல வரவில்லை, ஆனால் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுவாகிவிட்டது.

டார்க் மோடு பற்றி எல்லாரும் சொல்வார்கள். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி ஸ்கிரீனில் கறுப்புப் புள்ளி ஏறக்குறைய அணைந்த புள்ளி, அதனால் மிச்சமாவது உண்மை. எவ்வளவு என்பதுதான் விஷயம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 2021-இல் அளந்து பார்த்தார்கள். வெளிச்சம் 100 சதவீதத்தில் இருந்தால் சராசரியாக 39 முதல் 47 சதவீதம் வரை மிச்சம், வீட்டுக்குள் வழக்கமாக வைக்கும் 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் வெறும் 3 முதல் 9 சதவீதம். வெயிலில் நிற்கிறவருக்கு உதவும், அறைக்குள் இருப்பவருக்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைப்பதே போதும். ஆப்களை மேலே தள்ளித் தள்ளி மூடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். மறுபடி முதலிலிருந்து திறக்க அதற்குத்தான் கூடச் செலவாகும்.

80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியைப் பற்றி என் கருத்து கொஞ்சம் மாறுபட்டது. முழு வோல்டேஜில் நீண்ட நேரம் நிற்பது, அதுவும் சூட்டில் நிற்பது, பேட்டரிக்குக் கெடுதல் என்பதில் சந்தேகமில்லை. பெரிய ஃபோன்காரர்களுக்கு தாராளமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். சின்ன ஃபோனில், நாளைக்கு 20 சதவீதம் போய்விடக் கூடாதே என்று இன்றைக்கே 20 சதவீதத்தைக் கைவிடுவது ஆகிவிடுகிறது. நாள் முழுக்க வெளியே இருப்பவர் முழுசாகவே ஏற்றிக்கொள்ளட்டும். அதற்குப் பதில் சூட்டைத் தவிர்க்கலாம். சார்ஜில் போட்டுக்கொண்டே கேம் ஆடுவது, தலையணைக்கு அடியில் வைப்பது, வண்டியில் கண்ணாடிக்கு முன்னால் வெயிலில் மாட்டுவது, இவை மூன்றும்தான் நான் மாற்றிய உப்பின பேட்டரிகளில் பெரும்பாலானவற்றின் பின்னணி.

கம்பெனிகள் வேண்டுமென்றே செய்கின்றனவா என்று கேட்டீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது நடந்ததை மட்டும்தான். 2022-இல் ஐஃபோன் வரிசையில் மினி போய் அந்த இடத்தில் 6.7 அங்குல பிளஸ் வந்தது. ஆசூஸ் ஸென்ஃபோன் 10 வரை 5.9 அங்குலத்தைக் காப்பாற்றிவிட்டு, 2024-இல் நேராக 6.78-க்குப் போய்விட்டது. சின்ன ஃபோனைத் தடிமனாக்கி, முழு நாள் தாங்கும்படி செய்து, அதுவும் விற்கவில்லை என்றால் மக்களுக்குச் சின்ன ஃபோனில் ஆசை இல்லை என்று ஒப்புக்கொள்ளலாம். பல சின்ன ஃபோன்கள் மெல்லிசாகவும் வந்து, சார்ஜும் நிற்காமல், அப்புறம் யாருக்கும் சின்ன ஃபோன் வேண்டாம் என்று முடிவு கட்டப்பட்டதுதான் எனக்கு வருத்தம். இது என் அபிப்பிராயம், நிரூபணம் இல்லை.

உங்களுக்கு என் யோசனை, புது ஃபோன் வாங்குவதற்கு முன் இதே ஃபோனில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். செட்டிங்ஸில் பேட்டரி ஆரோக்கியம் 85-க்குக் கீழே காட்டினால் யோசிக்கவே வேண்டாம். சின்ன ஃபோன் பிடித்தவர்கள் ஒன்றரை வருஷத்துக்கு ஒரு பேட்டரி என்று ஆரம்பத்திலேயே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. பவர் பேங்க் வாங்கலாமா என்றால், 10,000 எம்ஏஎச் என்று எழுதினதில் ஃபோனுக்குள் போய்ச் சேருவது 6000 அல்லது 6500-தான், வோல்டேஜை மாற்றுவதிலும் சூட்டிலும் மீதி போய்விடும். அதன் எடையும் 200 கிராம் போல இருக்கும், எடைக்காகச் சின்ன ஃபோன் வாங்கினவர் அதையும் சுமக்க வேண்டியிருக்கும். மாறியே ஆக வேண்டும் என்றால் அங்குலத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் எடை, பிறகு அகலம், ஏனென்றால் கட்டைவிரல் எட்டுகிறதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அகலம்தான். 72 மில்லிமீட்டருக்குள் சிலிக்கான் கார்பன் பேட்டரியோடு இப்போது நல்ல ஃபோன்கள் இருக்கின்றன. ஐரோப்பாவில் விற்கப்படும் மாடல் என்றால் அதன் எரிசக்தி லேபிளில் ஒரு சார்ஜுக்கு எத்தனை மணி, எத்தனை சுற்று என்று இரண்டும் போட்டிருக்கும். கம்பெனி விளம்பரத்தில் வரும் மணியைவிட நான் அதைத்தான் நம்புவேன், எல்லா ஃபோனையும் ஒரே முறையில் அளப்பதால்.

அதற்கு முன் இன்றிரவு ஒன்று செய்யுங்கள். படுக்கும்போது சார்ஜ் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, ஏரோப்ளேன் மோடில் போட்டு, சார்ஜரில் செருகாமல் வையுங்கள். காலையில் மறுபடி பாருங்கள். எட்டு மணி நேரத்தில் இரண்டு மூன்று சதவீதம் இறங்கினால் சரி. நாளை இரவு அதே இடத்தில் சிக்னலோடு, வைஃபையை அணைத்து வையுங்கள். இரண்டாவது இரவில் பத்து பன்னிரண்டு இறங்கினால் உங்கள் சார்ஜைத் தின்பது சிக்னலும் பின்னணியில் ஓடும் ஆப்களும். முதல் இரவிலேயே அவ்வளவு இறங்கினால் பேட்டரியோ போர்டோ, திறந்துதான் பார்க்க வேண்டும். இரண்டு எண்ணையும், பேட்டரி ஆரோக்கியம் காட்டும் எண்ணையும் எழுதுங்கள், மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.